சீல் வைத்த ஆவாரம்பூக் கூட்டு

வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தும் ராசப்பனுக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு மெயில் வந்தது. அவரிடம் சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து கேரன் என்கிற அம்மையார் வியாழக்கிழமை வருகிறார். ஓட்டல் சாப்பாடு வேண்டாமாம். உங்கள் பக்கத்தில் வீட்டைச் சுற்றித் தானாக முளைக்கும் பூக்களைச் சமைப்பீர்களாமே, அதுதான் வேண்டுமாம். அதற்குக் கீழே இயற்கை, பூமி, வருங்காலத் தலைமுறை என்று மூன்று பத்தி. ராசப்பன் அந்த மூன்றையும் தாண்டிப் போய், மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதை மட்டும் படித்துக்கொண்டார்.

கேன்டீன் ரோஸ்மேரியைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏனுங்க ரோஸ்மேரி, இதைய நல்லபடியா முடிச்சுக் குடுத்தீங்கன்னா கேன்டீன் உங்களுக்கே. இல்லீன்னா பல்லடத்துக் கேட்டரிங்காரன் ரெண்டு மாசமாக் கேட்டுட்டே இருக்கறான். அவனுக்குத்தான் உடோணும்."

ரோஸ்மேரி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எட்டு வருஷம் தையல் மெஷினில் குனிந்து இடுப்பைத் தொலைத்தவர். கேன்டீன் போனால் மறுபடியும் அந்த ஸ்டூல்தான். "செஞ்சிருதேன் சார்" என்றார்.

வேலை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கம்பெனியில் மாதவன் இருந்தார். வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசிங் மேனேஜர். கடவுள் உலகத்தைப் படைப்பதற்கு முன்னால் சாம்பிள் ஒன்று போட்டு, கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இப்போது உள்ள குளறுபடிக்கெல்லாம் அதுதான் காரணமாம்.

திங்கட்கிழமை நாலு பக்கத் தாளோடு கேன்டீனுக்கு வந்தார். பூவின் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் கூடலாம், குறையலாம். நிறத்தை ஒத்துப் பார்க்க ஷேட் கார்டு. உணவின் பெயர்: 'ஹெரிட்டேஜ் வைல்டு ப்ளூம் மெட்லி'.

"ஆவாரம்பூக் கூட்டுன்னு எழுதுனா பத்தாதா சார்?" என்றார் ரோஸ்மேரி.

"அது லோக்கல் மார்க்கெட்டுக்கு."

செக்கிங் செக்‌ஷன் மயிலாளும் ரோஸ்மேரியும் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் இருந்த காலிமனைக்குப் போனார்கள். வாங்கிப் போட்டவர் விலை ஏறட்டும் என்று காத்திருக்க, ஆவாரஞ்செடி அதுவரைக்கும் நாம் இருப்போமே என்று மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது.

"ஏனக்கா, நாங்க இதையப் பொங்கலுக்குக் காப்புக்கட்டத்தான் பறிப்போம். வேப்பந்தழை, பூளப்பூவோட சேத்து ஊட்டு எறவாரத்துல சொருகிருவோம். நீங்க என்னடான்னா கொளம்புச்சட்டில போடறீங்க."

"கூரை திங்கிறத நாம திங்கக் கூடாதா? அந்தச் சாக்கடை ஓரம் போகாத மயிலா. சாயத்தண்ணி ஓடுன எடம். இங்கிட்டு மேட்டுல பறி."

காம்பு கிள்ளி, உப்புத் தண்ணீரில் அலசி, பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றி, சின்ன வெங்காயம் தாளித்தார். மாதவன் ஒரு கரண்டி சாப்பிட்டுக் கண்ணை மூடினார். பிறகு ஒரு டிபன் டப்பாவில் கூட்டை நிரப்பி, டேப் சுற்றி, அட்டை கட்டி, 'அப்ரூவ்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இதுதான் சீல்டு சாம்பிள். வியாழக்கெழமை நீங்க செய்யறது இதோட மேட்ச் ஆகணும்."

"சார், மூணு நாள்ல கெட்டுப்போயிருமே."

"சாம்பிள் ரூம்ல ஏசி ஓடுதும்மா. சீல் வெச்ச சாம்பிள் கெட்டதா இந்த ஊர்ல சரித்திரமே கிடையாது."

அது உண்மைதான். அந்தச் சரித்திரம் முழுக்கப் பருத்தித் துணியில் எழுதப்பட்டது.

வியாழன் காலை ரோஸ்மேரியும் மயிலாளும் விடியும்போதே பூப்பறித்தார்கள். பதினொரு மணிக்குப் பெரிய சட்டி நிறையக் கூட்டு இறங்கியது. மாதவன் டப்பாவோடு வந்து டேப்பைக் கிழித்தார். அடுப்படியில் நின்ற உதவியாட்கள் இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். அவர் மட்டும் தொழில் பக்தியோடு நின்றார். இடதுபக்கம் புதுக் கூட்டு, மஞ்சள். வலதுபக்கம் சாம்பிள், ஒருவிதமான காக்கி.

"ஷேட் வேரியேஷன்" என்றார். ஆனாலும் நியாயமானவர், நிறத்தை மட்டும் வைத்துத் தள்ளுகிற ஆளில்லை. இடதுபக்கத்திலிருந்து ஒரு கரண்டி, வலதுபக்கத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கினார். "டேஸ்டும் மேட்ச் ஆகலை. மொத்த லாட்டும் ரிஜெக்ட். நான் ஓட்டல்ல பன்னீர் சொல்லிக்கறேன்."

"ரிஜெக்டானத என்ன செய்ய?"

"ஒர்க்கர்ஸுக்குப் போட்டுருங்க."

பல்லடத்துக்காரர் இந்நேரம் அண்டாவை விளக்க ஆரம்பித்திருப்பார் என்று ரோஸ்மேரிக்குத் தோன்றியது.

ஒரு மணிக்குக் கேரன் அம்மையார் வந்தபோது மாதவனைக் காணோம். பன்னிரண்டரையிலிருந்து அவர் கழிவறைக்கும் மேஜைக்குமாக நடந்து, கடைசியில் மேஜையைக் கைவிட்டிருந்தார். ஆகவே வரவேற்பு ராசப்பன் தலையில் விழுந்தது. அவரிடம் இருந்த இங்கிலீஷ் மூன்று: யெஸ் மேடம், நோ ப்ராப்ளம், ஷிப்மென்ட் ரெடி.

கான்பரன்ஸ் அறையில் பன்னீரைப் பார்த்த அம்மையார் ஏதோ கேட்டார். ராசப்பன் "யெஸ் மேடம்" என்றார். அம்மையார் மறுபடி கேட்டார். "நோ ப்ராப்ளம்" என்றார். அம்மையார் எழுந்து, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் செய்கிறபடி, தொழிலாளர் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கக் கேன்டீனுக்கு நடந்தார். பின்னாலேயே ராசப்பன், மூன்றாவது வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொண்டு ஓடினார்.

உள்ளே எழுபது தட்டு. எழுபதிலும் மஞ்சள். மயிலாள் வாயில் சோற்றோடு, "பூவுங்க, பூவு" என்று ஜன்னல் வழியே காலிமனையைக் காட்டினார். அம்மையார் ஜன்னலைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், ரோஸ்மேரியிடம் கையை நீட்டித் தட்டு கேட்டார்.

ரோஸ்மேரி ராசப்பனைப் பார்த்தார். "சார், இது ரிஜெக்ட் பண்ணுன சரக்கு. மாதவன் சார் கையெழுத்துப் போடல."

"அந்தாளு எங்க இருக்கறான்னு உங்களுக்கே தெரியுமுங்க. போடுங்க."

சட்டியில் இரண்டு கரண்டிதான் மிச்சம். போட்டார். அம்மையார் விரலால் அள்ளி மென்றார். ஆவாரம்பூவின் துவர்ப்பு நாக்கில் ஏறியதும் புருவம் கொஞ்சம் நெளிந்தது. ராசப்பன் முகத்தில் ஒரு கன்டெய்னர் நிறைய சரக்குத் திரும்பி வந்தது. அம்மையார் மறுபடி அள்ளினார். தட்டை வழித்து முடித்துவிட்டு, சட்டியை எட்டிப் பார்த்தார். காலி என்று தெரிந்ததும் மயிலாளைக் கூட்டிக்கொண்டு செடியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

கேன்டீனில் ராசப்பனும் ரோஸ்மேரியும் நின்றார்கள்.

"அப்படி என்னுங்க இருக்குது அதுல?" என்று ராசப்பன் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார். அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினார். இன்னொரு சுற்று வழித்தார். அப்புறம் இடது கையால் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ரோஸ்மேரியிடம் நீட்டினார்.

"சோத்துக்கை பூராக் கூட்டா இருக்குதுங்க. பல்லடத்துக்காரன் நம்பர் அதுல இருக்குது. இனி இந்தப் பக்கம் வரவேண்டாம்னு நீங்களே சொல்லீருங்க."