குவைத்துப் பெட்டியும் ஒரு குரவையும்

குவைத்துக்குப் போன மாப்பிள்ளை திரும்பி வந்தால் கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதுத் தெரு அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பெட்டியைப் பார்த்துவிடும். ரேடியோ கசட் வந்ததா, தையல் மெஷின் வந்ததா, பூப்போட்ட கம்பளி வந்ததா என்று வேலிக்கு மேலால் விசாரணை நடக்கும். 1981 கடைசியில் காலிதீன் வந்து இறங்கியபோது, வேன் கூரையிலிருந்து இறக்கிய சாமானைப் பார்த்து ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பக்கமும் பலகை, முன்னால் பியானோக் கட்டைகள், மேலே இருபத்தெட்டுக் கறுப்புக் குமிழ்கள்.

"இது என்ன மச்சான்?" என்று அவன் மனைவி ஸுல்பிகா கேட்டாள்.

"சின்தசைசர்."

"என்ன செய்யும்?"

"சத்தம் உண்டாக்கும்."

"இந்த ஊட்டுல இல்லாத சத்தமா?"

காலிதீனுக்குப் பாட்டும் வராது, தாளமும் வராது. குவைத்தில் ஒரு ஹோட்டல் களஞ்சியத்தில் நான்கு வருடம் மூட்டை எண்ணியவன். அங்கே வாசித்த பிலிப்பைன்ஸ் குழு புது மொடல் ஒன்று வாங்கிக்கொண்டு பழையதைக் களஞ்சியத்தில் தள்ளிவிட்டது. ஒரு நாள் சும்மா கரண்டைக் கொடுத்து ஒரு கட்டையை அமுக்கி ஒரு குமிழைத் திருகிப் பார்த்தான். சத்தம் வளைந்தது. இன்னொன்றைத் திருகினான், அது கொழுத்தது. அன்றைக்கே ஆள் அதன் மயக்கத்தில் விழுந்துவிட்டான். கழன்ற வயர்களை ஒட்டப் பழகினான். ஊருக்கு வரும்போது கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கியும் வந்துவிட்டான்.

உண்மையைச் சொன்னால் அது கொஞ்சம் முரட்டுப் பெட்டி. கரண்ட் கொடுத்து அரை மணித்தியாலம் சூடேறாவிட்டால் சுருதி நிற்காது. ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான் பேசும். இரண்டை அமுக்கினால் ஒன்று வாயை மூடிக்கொள்ளும், கலியாணம் முடித்த வீடு மாதிரி. வீடோ ஸுல்பிகாவின் சீதன வீடு. முன்னறை மேசையில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்பதெல்லாம் அவள் முடிவு. அப்படியிருந்தும் அவள் முணுமுணுத்துக்கொண்டே அந்த மேசையை விட்டுக்கொடுத்தாள். காலிதீன் ஒரு மூலையில் ஊர் ரேடியோக்களைத் திருத்துவான், வேலை முடிந்ததும் பெட்டியின் முன்னால் குந்திவிடுவான்.

பெட்டியின் கதை பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனது. அடுத்த சனிக்கிழமை பெனடிக் மாஸ்டர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர், மாதா கோயில் பாட்டுக்குழுவுக்கும் பொறுப்பு. கப்பலில் வேலை செய்யும் மைத்துனன் கொண்டுவந்து கொடுத்த புத்தம்புது யப்பான் கீபோர்டைக் கட்டில் விரிப்பில் சுற்றிக் கரியரில் கட்டியிருந்தார். அதில் இருபத்திரண்டு பொத்தான்கள், இருபத்திரண்டு சத்தங்கள். அன்று தொடங்கிய சண்டை ஒவ்வொரு சனிக்கிழமையும் தேத்தண்ணியோடு தொடர்ந்தது. ஒருவரையொருவர் காணாமல் இரண்டு பேருக்கும் இருக்க முடியாமல் போனது. முஸ்லிம் ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்றுதான் மாஸ்டர் தொடங்குவார்.

"காக்கா, நான் ஒரு பொத்தான அமத்தினா புல்லாங்குழல், இன்னொண்ட அமத்தினா வயலின். நீங்க குமிழத் திருகிப் புல்லாங்குழலத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள நான் கலியாண வீட்டில வாசிச்சு, சாப்பிட்டு, கையும் கழுவிருவன்."

"ஒங்கட பொத்தானுக்குள்ள இரிக்கிறது எல்லாம் மத்தவன் ஊர்ச் சத்தம் மாஸ்டர். நம்மட ஊர்ச் சத்தம் ஒண்டு இரிக்கா?"

"உங்கட பெட்டிக்குள்ள இருக்கோ?"

"இரிக்கி. தேடி எடுக்கணும்."

"எந்தச் சத்தம்?"

காலிதீன் யோசிக்கவே இல்லை. "குரவை" என்றான்.

மாஸ்டர் சிரிசிரியென்று சிரித்தார். வாசலில் நாலு பெண்கள் நின்று நாக்கைச் சுழற்றினால் வருகிற குரவைக்கு மெஷின் எதற்கு என்று கேட்டார். காலிதீன் காரணம் சொல்லவில்லை. அவன் குவைத்தில் இருந்த காலத்தில் தங்கச்சி முனவ்வறாவின் கலியாணம் நடந்தது. கடிதத்துக்குப் பதிலாக ஸுல்பிகா கசட்டில் பேசி அனுப்புவாள். அந்த முறை கசட்டின் கடைசியில் கலியாண வீட்டுக் குரவை இருந்தது. அரிசி மூட்டைகளுக்கு நடுவில் படுத்து அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டான். நாடா தேய்ந்து, குரவை இரைச்சலாகி, ஒரு நாள் அறுந்தே போனது. அன்றைக்கு அவன் அழுதது யாருக்கும் தெரியாது.

அடுத்த வருடம் ஆகஸ்டில் குவைத்திலிருந்து கடிதம் வந்தது. நவம்பர் முடிவதற்குள் திரும்பினால் பழைய வேலை, கூடின சம்பளம். காலிதீன் கடிதத்தை வாசித்துக் காட்டிவிட்டுச் சொன்னான்: "இந்தக் குரவ மட்டும் கிடைக்கட்டும் புள்ள. கிடைச்ச உடனே டிக்கட்டப் போட்டுருவன். அது கிடைக்காமப் போனா மனம் கேட்காது."

ஸுல்பிகா சட்டியை எடுத்துக்கொண்டு மீன் கழுவப் போனாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை, ஒரு பின்னேரம் அது கிடைத்தது. சத்தத்தை நடுங்க வைக்கிற குமிழை விரைவாக்கி, மூச்சுக்காற்று மாதிரி கொஞ்சம் இரைச்சல் கலந்து, கூர்மையை ஒரு மயிரளவு வடித்தான். பெட்டி குரவை போட்டது. மேலெல்லாம் புல்லரித்தது அவனுக்கு. அந்தப் பெட்டிக்கு ஞாபகம் என்று ஒன்று கிடையாது, இருபத்தெட்டுக் குமிழ்களும் நிற்கிற நிலைதான் அதன் ஞாபகம். ஒன்றையும் தொடாமல் எழுந்து, சைக்கிளை மிதித்துக் கல்முனைக்குப் போய் மாஸ்டரை இழுத்துக்கொண்டு வந்தான்.

வந்து பார்த்தால் இருபத்தெட்டுக் குமிழ்களும் ஒரே வரிசையில் மேலே பார்த்துக்கொண்டு நின்றன.

"பெருநாளைக்கு ஊடு துப்பரவாக்கினன்" என்றாள் ஸுல்பிகா கதவுக்குப் பின்னால் நின்று. "எல்லாம் கோணல்மாணலாக் கிடந்திச்சி. நேராக்கி வெச்சன்."

காலிதீன் தலையில் கைவைத்துக் குந்திவிட்டான். மாஸ்டர் வயிறு வலிக்கச் சிரித்தார், பிறகு அவன் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, "அடுத்த முறை குமிழுக்குப் பக்கத்தில புள்ளி வையுங்க காக்கா" என்று வழி சொல்லிவிட்டுப் போனார்.

பெருநாள் போய் மூன்று கிழமைக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குரவை மறுபடியும் அகப்பட்டது. ஸுல்பிகா கண்ணுக்கு இடும் சுறுமாவை எடுத்து ஒவ்வொரு குமிழுக்கும் புள்ளி வைத்தான். நிம்மதியாக ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டு வந்தான். குமிழ்கள் நேராக நின்றன. புள்ளி ஒன்றுகூட இல்லை. ஈரத்துணியால் துடைத்த பலகை பளபளத்தது.

குசினிக்குப் போனான். அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ன பெருநாள் புள்ள?"

சுளகு நின்றது. அவள் நிமிரவில்லை.

"கிடைச்ச உடனே டிக்கட் எண்டு சொன்னது ஆரு?" என்றாள். "நாலு வரிசம் நான் கசட்டோட கதைச்சன் மச்சான். நீங்க குரவையக் கேட்டு அழுதீங்களோ தெரியா. நான் சொன்னதுக்கு எந்தக் கசட்டும் 'ஓம்' எண்டு பதில் சொல்லல்ல."

காலிதீனுக்கு வெட்கமாக இருந்தது. தனிமை என்றால் அது மூட்டைகளுக்கு நடுவில் தனக்கு மட்டும் வந்த நோய் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தான். இந்த வீட்டிலும் ஒருத்தி கசட்டின் முன்னால் தனியே குந்தியிருந்தது அவன் புத்தியில் ஏறவே இல்லை. அன்று அவன் பெட்டிப் பக்கம் போகவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மாஸ்டர் வழக்கம்போல வந்தார். காலிதீன் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்துச் சூடேற விட்டுவிட்டு ஸுல்பிகாவை முன்னறைக்குக் கூப்பிட்டான்.

"புள்ள, ஒரு தரம் குரவ போடு. அதக் கேட்டுக் குமிழத் திருப்புறன்."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள்.

"சும்மா எப்பிடிப் போடுற? குரவ நல்ல விசயத்துக்குத்தான் போடுற. சும்மா போட்டா ஊர் சிரிக்கும்."

"காக்கா, அது ஞாயம்" என்றார் மாஸ்டர். "எங்கட ஆக்களும் அப்பிடித்தான்."

பெட்டி ஒற்றைச் சத்தத்தில் முனகிக்கொண்டிருந்தது. காலிதீன் கட்டையிலிருந்து விரலை எடுத்தான்.

"நல்ல விசயம் இரிக்கி" என்றான். "நான் போகல்ல. குவைத்துக்கு எழுதிப்போட்டன். ரேடியோ திருத்திக் கஞ்சி குடிப்பம்."

ஸுல்பிகா அவனைப் பார்த்தாள். மாஸ்டரைப் பார்த்தாள். மெய்தானா என்று கேட்கிற மாதிரி மறுபடியும் அவனைப் பார்த்தாள். பிறகு கையை வாயருகே கொண்டுபோய்க் குரவையிட்டாள். பாதியில் குரவை உடைந்தது. மூச்சை இழுத்து மறுபடியும் போட்டாள்.

"குமிழப் பிடிங்க காக்கா, குமிழப் பிடிங்க!" என்று மாஸ்டர் கத்தினார். காலிதீனுக்குக் கண் மறைத்தது. எந்தக் குமிழ் எது என்றே தெரியவில்லை.

அடுத்த வளவு ஜுனைதா என்ன ஏது என்று கேட்கவில்லை. நல்ல விசயம் என்று தெரிந்தால் போதும், தானும் எடுத்தாள். அதற்கடுத்த வளவில் இன்னொருத்தி எடுத்தாள். வேலிக்கு வேலி தாவிக் குரவை கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஜுனைதா கை துடைத்துக்கொண்டு வந்து, "என்ன விசயம் ஸுல்பிகா?" என்று கேட்டபோது தெரு முழுக்கக் குரவை போட்டு முடித்திருந்தது.

"இவர் இனி ஊட்டுலதானாம்" என்றாள் ஸுல்பிகா.