ஊதாக் காலர்

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்பில் சுடலைக்கண்ணன் நடத்தும் பேனர் கடைக்குச் செண்பகவல்லி வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் அங்கே இருந்தது. மஞ்சள் நீராட்டு, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் அதில்தான் டிசைன் செய்தாள். கொஞ்ச நாளாக அதன் உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம். ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். சுடலைக்கண்ணன் லாமிங்டன் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து செகண்ட் ஹாண்டில் வேறொன்று வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார்.

"அது மண்டையப் போடுறதுக்குள்ள எல்லாத்தையும் இதுல ஏத்திரு" என்று சொல்லிவிட்டு, பேனர் கட்ட ஆளோடு சயான் பக்கம் போய்விட்டார்.

செண்பகவல்லி கடைசி வருஷத்து ஃபோல்டர்களிலிருந்து பின்னோக்கித் தொடங்கினாள். ஆட்கள் திரும்பக் கேட்டு வருவது பெரும்பாலும் அவற்றைத்தான். திரையில் ஃபைல் ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. அஞ்சலி ஃபோல்டரில் முகங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக வரிசை கட்டி நின்றன. பலரை அவளுக்குத் தெரியும். குழாயடியில் முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள். பார்த்ததும் வருத்தமாக ஏதாவது தோன்ற வேண்டும் என்று பட்டது. தோன்றவில்லை. வேலைக்கு வந்த புதிதில் ஒரு கைக்குழந்தையின் படம் வந்த அன்று சோறு இறங்காமல் போனது ஞாபகம் இருந்தது. அது வேறு யாருக்கோ நடந்ததுபோல் இருந்தது. எப்போதிலிருந்து இப்படி ஆனது என்றும் தெரியவில்லை.

மதியம் பிரம்மநாயகம் வந்தார். தோல் பை செய்யும் கார்கானாவில் கட்டிங் மாஸ்டர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் மகன் நாகராஜ் லோக்கல் ரயிலிலிருந்து விழுந்து செத்துப்போனான். சந்து முழுக்க ஒட்டிய போஸ்டரைச் செண்பகவல்லிதான் செய்தாள்.

"செண்பகம், நாகராஜ் படம் வேணும்மா."

"வருச நினைவுக்கா அண்ணாச்சி? முன்னால அடிச்சதே இருக்கு. தேதிய மட்டும் மாத்தித் தாரேன்."

"அது இல்ல. கோட்டு போடாத படம். ஊதாச் சட்டையில நிப்பாம்லா, அது. அவ கேக்கா. வீட்டுல மாட்டணுமாம்."

அவ என்றது மனைவி முத்துமாரியை. போஸ்டர் அடித்த அன்றைக்கு நாகராஜின் ஃபோனைக் கொண்டுவந்து கொடுத்தவர் பிரம்மநாயகம்தான். செண்பகவல்லி வயர் போட்டு அந்தப் படத்தை இறக்கினாள். பையன் பார்க்க நல்லா இருக்கட்டும் என்றார் அவர். செத்துப்போன இளவட்டங்கள் எல்லோருக்கும் போடுகிற கறுப்புக் கோட்டையும் சிவப்பு டையையும் அவள் போட்டுவிட்டாள்.

"ஃபோன்ல இருக்குமே அண்ணாச்சி?"

"மகளுக்குக் குடுத்தோம்லா. ஃபோன் கடையில எல்லாத்தையும் காலி பண்ணிக் குடுத்துட்டாங்க. அப்பம் யாருக்கும் தோணல."

நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோல அவர் அதைச் சொன்னார்.

நாகராஜ் படத்தை முதலில் எடுப்பதற்காக, ஓடிக்கொண்டிருந்த ஃபைல் காப்பியை அவள் நிறுத்தினாள். இன்னும் நாலு வருஷத்து ஃபோல்டர்கள் பாக்கி இருந்தன. இடையில் நிறுத்தக் கூடாது என்று தெரிந்தே நிறுத்தினாள். நாகராஜ் ஃபோல்டரில் இரண்டு ஃபைல்கள். போஸ்டர் டிசைன் புது கம்ப்யூட்டருக்குச் சிக்கலில்லாமல் வந்துவிட்டது. ஊதாச் சட்டைப் படம் பாதியில் நின்றது. டிக் டிக் சத்தம் வேகமாகி, திரை அப்படியே உறைந்தது. ஆஃப் செய்து மறுபடி போட்டாள். கறுப்புத் திரையில் இங்கிலீஷில் வெள்ளையாக ஒரு வரி மட்டும் வந்தது. இன்னொரு தடவை போட்டபோது அதுவும் வரவில்லை.

"டிஸ்க் போயிட்டு அண்ணாச்சி."

"ரிப்பேருக்குக் குடுத்தா?"

"குடுத்துப் பாக்கலாம். எனக்கு நம்பிக்கை இல்ல."

அவர் தலையாட்டினார். ஸ்டூலில் உட்கார்ந்தார். போகவில்லை.

புது கம்ப்யூட்டரில் போஸ்டரைத் திறந்தாள். தமிழ் ஃபான்ட் இன்னும் ஏற்றாததால் பெயர் இருந்த இடத்தில் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கலந்து கிடந்தது. அதை நீக்கினாள். குத்துவிளக்கு, ரோஜா, மேகம் என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசியில் கோட்டையும் எடுத்தாள். தலையும் கழுத்தும் நின்றன. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. கோட்டு பொருந்துவதற்காக உடம்பை அன்றைக்கே அழித்திருந்தாள். கழுத்தின் இடப்பக்கம் மட்டும் காலரில் ஒரு நகம் அளவுக்கு ஊதா மிச்சம் இருந்தது. பெரிதாக்கினால் கலங்கிய ஊதாதான், வேறொன்றும் தெரியவில்லை.

பிரம்மநாயகம் எழுந்து கிட்டே வந்தார். "அதான்" என்றார்.

"இந்தக் கலர எடுத்து முழுச் சட்டையே செஞ்சிரலாம் அண்ணாச்சி. பாத்தா வித்தியாசம் தெரியாது. கட்டமா, கோடா, ப்ளெயினா?"

அவர் வெகுநேரம் யோசித்தார். "தெரியலயே" என்றார். பிறகு வீட்டுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏளா, அந்த ஊதாச் சட்டை கட்டம் போட்டதா?"

பின்னால் குக்கர் விசிலடித்தது. "சின்னக் கட்டம், வெள்ளையில. எதுக்குக் கேக்கிய?"

"படம் போயிட்டாம். கழுத்துகிட்ட இத்துனூண்டுதான் இருக்கு. செண்பகம் சட்டை செஞ்சு தாரேங்கா."

குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"செஞ்ச சட்டை எனக்கு வேண்டாம்" என்றாள் முத்துமாரி. "இருக்கத மட்டும் எடுத்துட்டு வாங்க."

கழுத்துக்குக் கீழே அந்த ஊதாத் துண்டு தெரிகிற இடத்தில் வெட்டி, ஃபோட்டோ பேப்பரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். பிரம்மநாயகம் மை காயும்வரை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"மத்தவங்க படமெல்லாம்?"

"நாலு வருசத்துது போச்சு அண்ணாச்சி."

"என்னாலயா?"

"இல்ல. இன்னைக்கு இல்லன்னா நாளைக்குப் போயிருக்கும்."

அவர் அவள் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, படத்தைச் சட்டையோடு அணைத்துக்கொண்டு சந்தில் இறங்கினார்.

சுடலைக்கண்ணன் வந்ததும் நடந்ததைச் சொன்னாள். அவர் பழைய கம்ப்யூட்டர் டப்பாவைத் தூக்கி ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். "யாரும் கேட்டு வந்தா என்ட்ட அனுப்பு, நான் பேசிக்கிடுதேன்" என்றார்.

அவள் புது கம்ப்யூட்டரில் தமிழ் ஃபான்டுகளை ஏற்றினாள். நாலரை மணிக்குத்தான் இன்னும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மூடி கடகடவென்று ஆடியது. பார்த்தால் அவள் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. மனதுக்குள் தேடிப் பார்த்தாள், அங்கே ஒன்றும் இல்லை. மூடியை மேசையில் வைத்து, கையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. நின்றதும் சாப்பிட்டாள்.