சாட்சியில் சொன்ன பொய்

கதவைப் பாதி திறந்து, மீதியைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள் மகள். வாசலில் வேன் டிரைவர். ஒன்பது வருஷத்துக்கு முன் குடித்துவிட்டு வண்டியோட்டி அவள் தம்பியைக் கொன்றவன். ஜெயிலுக்குப் போய்த் திரும்பியவன்.

“எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு இங்க வந்தே?”

“அம்மா வரச் சொன்னாங்கன்னு பாஸ்டர் சொன்னார்.”

மகள் கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே வந்தாள். அம்மாவுக்குக் காலையிலிருந்தே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் உழைத்தவள். மகனைக் கொன்றவனை மன்னித்துவிட்டேன் என்று சபை ஆராதனையில் எழுந்து சாட்சி சொன்ன நாளிலிருந்து, எல்லோருக்கும் அவள் பரிசுத்தவாட்டி.

“அவனையாம்மா கூப்பிட்டே?”

“கிட்ட வாடி. நான் அவன மன்னிக்கவே இல்ல. அன்னைக்குச் சொன்னது பொய். எல்லாரும் அல்லேலூயா சொல்லிட்டாங்க. அப்புறம் எப்படி வாய் திறக்கறது?”

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடவே, ஏனோ, ஒரு நிம்மதியும்.

“அப்ப அவன அனுப்பிடறேன்மா.”

“வேணாம். ஒன்பது வருஷமா முட்டி போட்டு ஜெபிச்சுப் பாத்துட்டேன். என்னால ஆகல. இனி இயேசுதான் செய்யணும். அவன உள்ள விடு.”

டிரைவர் கட்டிலருகே வந்து நின்றான். அம்மா அவனையே வெறித்துப் பார்த்தாள். போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. காறித் துப்பப் போகிறாள் என்று நினைத்தாள் மகள். துப்பட்டும் என்றும் நினைத்தாள்.

“உன்னப் பாத்தா இன்னும் வயிறு எரியுதுடா.”

“தெரியும்மா.”

“அம்மான்னு கூப்பிடாதே.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நெடுநேரம் போயிற்று.

“கையக் குடு.”

அவன் மகளைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையை அவன் நீட்ட, அம்மா இறுகப் பற்றிக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். கண்ணோரம் நீர் வழிந்தது.

“ஆண்டவரே, நீர்தான்...”

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மூச்சும் வரவில்லை.

“அம்மா!” மகள் தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தைத் தட்டினாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

அந்தப் பிடி மட்டும் தளரவில்லை. கையை உருவிக்கொள்ளவும் பயந்து, குனிந்த முதுகை நிமிர்த்தவும் முடியாமல் நின்றிருந்தான் டிரைவர்.

மகள் அடுத்த அறைக்குப் போனாள். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, சத்தமில்லாமல் அவனுக்குப் பின்னால் வைத்தாள்.