வெட்டிப்போட்ட வரி

நீதிமன்ற நூலகத்தில் என் வேலை ஒட்டுவது. சட்டம் மாறும்போதெல்லாம் அரசு அச்சகத்திலிருந்து திருத்தச் சீட்டுகள் கட்டுக்கட்டாக வரும். எண்ணைப் பார்த்து, பக்கத்தைப் பிரித்து, பழைய பிரிவின் மேல் சீட்டை ஒட்ட வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். வக்கீல்கள் முதல் வாசல் பெருக்குபவர் வரை எல்லோருக்கும் நான் பசையக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன்.

ஒட்டுவதைப் படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. படித்துக்கொண்டிருந்தால் பசை காய்ந்துவிடும். நான் பார்ப்பது சீட்டு நேராக இருக்கிறதா, ஓரம் பிசிறுகிறதா என்பதை மட்டும்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. நான் ஒட்டிய சீட்டைக் கையால் தடவிப் பார்த்தால்தான் ஒட்டு என்றே தெரியும்.

ஏழு மாதங்களுக்கு முன்பு அரசியலமைப்புப் புத்தகத்துக்கு ஒரு சீட்டு வந்தது. நாற்பத்திரண்டு பிரதிகள். சீட்டு இடத்தைவிட ஒரு விரல் நீளமாக இருந்தது. அச்சகத்துக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, நாற்பத்திரண்டின் அடியையும் கத்தரித்து, அச்சு வார்த்ததுபோல் ஒட்டினேன். நூலகர்கூட எட்டிப் பார்த்து, "உங்க கைக்குத் தங்க வளையல் போடணும்" என்றார். அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை எனக்கு.

அதிலிருந்து பதினோராம் நாள் என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பேருந்து ஓட்டுகிறவன். பணிமனை வாசலில் நாலு பேரோடு நின்று, ஓய்வு இல்லாமல் இரட்டை முறை வண்டி ஓட்டச் சொல்வது நியாயமா என்று சத்தமாகக் கேட்டான். அவ்வளவுதான். எனக்கு அவனையும் அவனுக்கு என்னையும் விட்டால் ஆள் இல்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவே மூன்று வாரம் ஆனது.

மனு எழுதினேன். மனு வாங்கும் குமாஸ்தா பல வருடப் பழக்கம். பேனாவை மூடி வைத்துவிட்டு, அரசியலமைப்புப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். நான்தான் அலமாரியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தேன்.

"பாருங்க பசையக்கா. கைது பண்ணின ஆளை ஒரு நாளைக்குள்ள நீதிபதி முன்னாடி நிறுத்தணும்னு ஒரு பிரிவு இருந்துச்சு. அதை நிறுத்தி வெச்சுட்டாங்க. சீட்டு ஒட்டியிருக்கு பாருங்க."

"நான்தான் ஒட்டினேன்" என்றேன்.

"அப்புறம் என்ன? உங்களுக்குத் தெரியாததா!" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் அந்தச் சீட்டை முதல்முறையாகப் படித்தேன். நாலே வரி. என் தம்பியின் மேல் மூடிய கதவு அது, தாழ்ப்பாள் போட்டது என் கை.

அதன் பிறகு, பிடிபட்டவனின் அக்கா என்று என் பக்கம் யாரும் வரவில்லை. தேநீர் வேளையில் நான் உட்கார்ந்த மேசையிலிருந்து ஒவ்வொருவராக ஏதோ வேலை நினைவு வந்தவர்கள்போல் எழுந்து போவார்கள். எதிர்வீட்டு அம்மா என் காலடிச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்துவார். பழக்க தோஷத்தில் இரண்டு தட்டு எடுத்து வைப்பேன், பிறகு ஒன்றைக் கழுவாமலே திரும்ப அடுக்குவேன். பேச ஆள் இல்லாமல் வீட்டுச் சாவியிடம் பேசும் நிலைக்கு வந்தேன். "வந்துட்டோம், திற" என்பேன். அதுவாவது சொன்ன பேச்சைக் கேட்டது.

ஆறு மாதம் தாண்டி இன்னொரு மனுவும் கொடுத்தேன். அதே குமாஸ்தா, அதே பக்கம், அதே நாலு வரி.

போன வாரம், அரசு உத்தரவுகள் முழுதாக அச்சாகும் அரசிதழ்கள் அரை வருடத்துக்கானவை பைண்டிங் முடிந்து வந்தன. முதுகில் எண் சீட்டு ஒட்ட வேண்டும். இப்போதெல்லாம் எதையும் படிக்காமல் ஒட்டுவதில்லை. புரட்டிக்கொண்டே வந்தவள், அந்த நாலு வரி கண்ணில் பட்டதும் நின்றேன். நாலு இல்லை. ஐந்து. கடைசி வரி: 'இந்த நிறுத்தம் ஆறு மாதங்களுக்கு மட்டுமே; அதன்பின் தானாகவே முடிவுறும்.'

ஓடிப்போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். நாலாம் வரியோடு சீட்டு முடிந்திருந்தது. அதற்குக் கீழே நூல் பிடித்ததுபோல் ஓர் ஓரம். என் கத்தரி வெட்டிய ஓரம். அது எனக்குத் தெரியாதா? விரல்விட்டு எண்ணினேன். கெடு முடிந்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. அரசாங்கத்துக்கு அதை நினைவுபடுத்த என்ன அவசரம்? மற்றவர்கள் எல்லோரும் என் புத்தகத்தை நம்பினார்கள்.

நூலகரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்க வெட்டினதுன்னு வெளிய தெரிஞ்சா வேலை போயிடும், தெரியுமா? அச்சகத்துக்கு எழுதிப் புதுச் சீட்டு வாங்கித் தரேன். பழசை எடுத்துட்டுச் சத்தமில்லாம ஒட்டிடுங்க. ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

"புதுச் சீட்டு வர எத்தனை நாள் ஆகும் ஐயா?"

"ரெண்டு மாசம்."

"அதுவரைக்கும் என் தம்பி?"

அவர் மேசை மேலிருந்த குண்டூசிகளை அடுக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது மனுவை அன்றே எழுதினேன். அரசிதழின் நகலை இணைத்தேன். புத்தகத்தில் ஏன் அந்த வரி இல்லை என்பதையும் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன், சொந்தப் பெயரில். குமாஸ்தா இரண்டு தடவை படித்தார். இந்த முறை புத்தகம் கேட்கவில்லை. மனுவை எடுத்துக்கொண்டு நேராக நீதிபதியின் அறைக்குப் போனார்.

மறுநாள் காலை தம்பியைக் கொண்டுவந்தார்கள். பாதியாக இளைத்திருந்தான். சட்டைப் பையின் மேல், ஒரு துணித்துண்டில் எழுதிய கைதி எண்ணைத் தைத்திருந்தார்கள். நீதிபதி அரசிதழையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இவனை அடைத்து வைக்க இனி எந்த அதிகாரமும் இல்லை, இப்போதே விடுங்கள் என்று எழுதினார். எழுதி முடித்துவிட்டுக் குமாஸ்தாவைக் கேட்டார்.

"இந்த நாற்பத்தொரு நாள்ல இதே காரணம் சொல்லி எத்தனை மனுவைத் திருப்பியிருக்கீங்க?"

"இவங்களோடதையும் சேர்த்துப் பதினெட்டு ஐயா."

பதினேழு வீட்டில் பதினேழு பேர் என்னைப்போலவே தட்டை எடுத்து, திரும்ப அடுக்கியிருப்பார்கள். இவ்வளவு நாளும் என் துக்கத்தைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

"அவங்க எல்லாரையும் நாளைக்கே கொண்டுவரச் சொல்லுங்க. இதை வெட்டினது யாரு?"

மனுவிலேயே இருந்தது. அவருக்குத் தெரியும். நான் வாயால் சொல்ல வேண்டும் என்று நினைத்தார் போல. நூலகர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன்.

"நான்தான் ஐயா. நீளமா இருந்துச்சு. அழகா இருக்கட்டும்னு வெட்டினேன். படிக்கல."

தம்பி அப்போதுதான் என் பக்கம் திரும்பினான். அந்தப் பார்வையை நான் சாகும்வரை சுமக்க வேண்டும்.

வேலையிலிருந்து நிறுத்திவைக்கும் உத்தரவு மதியமே கைக்கு வந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழி நெடுக அவன் எனக்கு நாலடி முன்னால் நடந்தான். அன்று சாவியிடம் பேசாமலே கதவைத் திறந்தேன். இரண்டு தட்டு வைத்தேன். சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து, "கத்தரி எங்கக்கா?" என்றான்.

எடுத்துக் கொடுத்தேன்.

சட்டையைக் கழற்றி மடியில் போட்டு, அந்த எண்ணைச் சுற்றியிருந்த தையலை ஒவ்வொன்றாக வெட்டினான். அவசரமே இல்லை. துணியைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"இதையும் எங்கயாவது ஒட்டி வை" என்றான். "ஆனா இந்தத் தடவை படிச்சிட்டு ஒட்டு."

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். நான் அந்த எண்ணைப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன்.