மூன்றாவது துண்டு

சுரங்கத்துக்குள் ரேடியோ அலை வளைந்து போகாது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெட்டி, கேட்டதை அடுத்த பெட்டிக்குச் சொல்லும். அந்தப் பெட்டிகளுக்கு நிரல் எழுதியவள் அவள். கடைசிப் பெட்டிக்கு அப்பால் பாறையில் துளை போடுகிறவர் அவள் அண்ணன்.

ஒவ்வொரு செய்தியையும் இரண்டு துண்டாக்கி, இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்ட மூன்றாவது துண்டையும் கூடவே அனுப்புவாள். வழியில் எது தொலைந்தாலும் மற்ற இரண்டும் அதை மீட்டுவிடும்.

மேலாளருக்கு அந்த மூன்றாவதுதான் கண்ணை உறுத்தியது. நாளை பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். உள்ளே நடப்பது அதே பெட்டிகள் வழியே திரையில் பளிச்சென்று ஓட வேண்டுமாம்.

"மூணாவது வெட்டிச் சுமைம்மா. எடுத்துட்டா படம் வேகமா ஓடும்."

"ஓடும் சார். வெடி வைக்கிறோம், வெளிய வாங்கன்னு சொன்னா சில சமயம் பாதிதான் உள்ள போகும்."

"போன வாரச் சோதனையில ஒண்ணுகூட தொலையலையே."

"போன வாரம் துளை மெஷினை நிறுத்திட்டு சோதிச்சீங்க. நேத்து அது ஓடுறப்ப நான் உள்ள நின்னு எண்ணினேன். நூத்துக்கு எட்டு தொலையுது."

"அண்ணன் உள்ள இருக்காருன்னு பயம்."

"ஆமா, பயம்தான். அவரோட சேர்த்துப் பதினோரு பேர். நான் எடுக்க மாட்டேன்."

அடுத்தவர் உயிர் என்றால் சிலருக்குக் கை தாராளம். "அப்ப நானே மாத்திக் கையெழுத்துப் போட்டுக்கறேன்" என்று மேலாளர் பேனாவைத் திறந்தார்.

அந்த வேலையிடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிரலுக்குக் கையெழுத்திட்டவர் அடுத்த வெடியின்போது கடைசிப் பெட்டியருகே உட்கார வேண்டும். அழைப்பு வந்த பிறகுதான் வெளியே வரலாம். எந்தச் சுவரிலும் அது எழுதப்படவில்லை. யாரும் மீறியதும் இல்லை.

அவள் ஆணியில் தொங்கிய தலைக்கவசத்தை எடுத்து அவர் முன் வைத்தாள். "நாலு மணிக்கு வெடி சார். மாட்டிக்கங்க."

மேலாளர் கவசத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு நாளைக்கான ஏற்பாடு தலைக்கு மேல கிடக்கு."

"அப்ப என் கையெழுத்தே இருக்கட்டும்."

"இதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டி வரும்."

"சொல்றேன். வெளிய வந்து சொல்றேன்."

கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள். நாலு மணிக்கு முன், துளை இயந்திரம் பாறையை உலுக்கிக்கொண்டிருக்கும்போதே கடைசிப் பெட்டி ஒளிர்ந்தது: வெடி வைக்கிறோம், வெளியே வாருங்கள். ஓரத்தில் சின்ன எழுத்தில்: இரண்டாம் துண்டு வரவில்லை, மீட்கப்பட்டது.

அண்ணன் இயந்திரத்தை நிறுத்தினார். "என்னடி தனியா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்லண்ணா. பதினோரு பேரும் முன்னால நடங்க, நான் எண்ணிட்டு வரேன்."