பூட்டி வைத்த டீசல்

ரொசெந்தா எஞ்சின் மூடியைத் தூக்கி ஃபில்டரைக் கழற்றினாள். டீசல் வரவில்லை. கறுப்பாக, சளி போல ஏதோ ஒன்று அவள் விரல்களில் வழிந்தது. அழுகின முட்டை நாற்றம்.

"என்னடி ஆச்சு?" என்றான் சுக்கானைப் பிடித்திருந்த அன்செல்மோ, அவள் புருஷன்.

"என்ன ஆகணுமோ அதான் ஆச்சு. சாக்கடையக் குடிச்சா எஞ்சின் ஓடுமா?"

படகு நடுக் கடலில் தள்ளாடியது. ஆஸ்பத்திரி இருக்கும் பெரிய தீவு எதிரே தெளிவாகத் தெரிந்தது. படகின் நடுவில், பலகையோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடந்தான் ஊர்க்காரப் பையன் தெல்ஃபின். காலையில் தென்னை வெட்டும்போது மரம் தப்பாகச் சாய்ந்து முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது. "மனாங், போய்ட்டமா? கரை வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அக்காவைக் குழந்தை கூப்பிடுவது போல இருந்தது அந்த 'மனாங்'. அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கையிருப்பில் இருந்த ஒரே புது ஃபில்டரைப் போட்டாள். எஞ்சின் கொஞ்ச தூரம் இழுத்துப் போய் மறுபடி இருமி நின்றது. அந்த ஃபில்டரையும் கழற்றிக் கழுவி மாட்டினாள். குழாயில் வாய் வைத்து ஊதினாள். உதடெல்லாம் எரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. நீரோட்டம் படகைத் தெற்கே தள்ளிக்கொண்டு போனது. தெல்ஃபின் கத்தினான். பிறகு கத்துவதை நிறுத்தினான். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

சாயங்காலம் ஒரு மீன்பிடிப் படகு அவர்களைப் பார்த்துக் கயிறு கட்டி இழுத்துப் போனது. ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள். "மத்தியானமே வந்திருந்தா காலைக் காப்பாத்தப் பார்த்திருக்கலாம்" என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

அந்த டீசல் முன்பு அடித்த ஒரு புயலுக்குப் பிறகு ஊருக்கு நிவாரணமாக வந்தது. ஆபத்து என்றால் படகு ஓட வேண்டும் என்று பன்னிரண்டு டிரம். 'கப்பித்தான்' என்று எல்லாரும் அழைக்கும் ஊர்த் தலைவர் தியோஃபிலோ அதை ஊராட்சிக் கட்டடத்துக்குப் பின்னால், திறந்த வெளியில் நிமிர்த்தி வைத்து, சங்கிலி போட்டுப் பூட்டினார். முந்தின கப்பித்தான் நிவாரணப் பொருளையெல்லாம் விற்றுத் தின்றவன். அதனால் இவர் ஒரு சொட்டைக்கூட யாருக்கும் தரவில்லை. தன் சொந்தப் படகுக்கும் எடுக்கவில்லை.

ரொசெந்தா கல்யாணத்துக்கு முன்னால் ஐஸ் ஃபேக்டரி ஜெனரேட்டர் அறையில் வேலை பார்த்தவள். முதல் மழையிலேயே படகுத்துறையில் எல்லார் முன்னாலும் சொன்னாள். "கப்பித்தான், டிரம் தலைல மழைத்தண்ணி தேங்குது. வெயில்ல காத்து வெளிய போவும், குளுந்ததும் அந்தத் தண்ணிய உள்ள உறிஞ்சும். தண்ணி சேந்தா பூச்சி வளரும். கூரைக்குக் கீழ படுக்க வைங்க. இல்லன்னா மாசாமாசம் பழசை எங்க படகுங்களுக்குக் குடுத்துட்டு, புதுசு வாங்கி நெரப்புங்க."

"டீசல்ல பூச்சியா? பூச்சிக்கு வேற சாப்பாடே கெடைக்கலையா? உம்புருஷன் படகுல டேங்க் காலின்னு நேரா சொல்லேன் ரொசெந்தா" என்றார் அவர். துறையே சிரித்தது. தெல்ஃபினும் சிரித்தான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

தெல்ஃபின் மேல் மரம் விழுந்த வாரம் காற்று அதிகம் என்று சரக்குப் படகு வரவில்லை. ஊரில் வேறு டீசல் கிடையாது. ஆட்கள் ஒரு டிரம்மை உருட்டிக்கொண்டே துறைக்கு வந்தார்கள். "உருட்டாதீங்கடா, அடியில இருக்கறதெல்லாம் கலங்கிரும்!" என்று அவள் கத்தினாள். தெல்ஃபினுக்கு ரத்தம் நிற்கவில்லை. தெளியும்வரை காத்திருக்க நேரமில்லை. துணியில் வடித்து ஊற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

தெல்ஃபினை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஊர் திரும்பியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராகப் போய்ச் சங்கிலியை நெம்பினாள். கூட்டம் கூடியது. பக்கத்தில், கூரை போட்ட கூடைப்பந்துத் திடலில் திருவிழாத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த தியோஃபிலோ ஓடி வந்தார்.

"ஏய்! இது ஊர்ச் சொத்து!"

"ஊர்ச் சொத்தா? வாங்க, மோந்து பாருங்க உங்க சொத்தை!"

ஒரு டிரம்மின் அடிவரை குழாயை இறக்கி, உறிஞ்சி, ஊறுகாய் ஜாடியில் விட்டாள். அடியில் தண்ணீர். அதன்மேல் பாலாடை மாதிரிக் கறுப்புப் படலம். அதற்கும் மேலேதான் டீசல். ஜாடியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பின்னால் நகர்ந்தார்.

"நான் ஒரு சொட்டு எடுத்தனா? வித்துத் தின்னனா? சொல்லு!" அவர் குரல் உடைந்தது.

"தின்னிருந்தாக்கூடப் பரவால்லையே! டிரம் காலின்னு தெரிஞ்சிருக்கும். மீன்காரப் படகையாவது கூப்புட்டிருப்போம். நெறஞ்சு கெடக்குன்னு நம்பித்தானய்யா அவனை ஏத்தினோம்!"

"எனக்கு... யாரும் சரியா சொல்லலையே."

"சொன்னேன். சிரிச்சீங்க." கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான். இப்ப சிரிங்களேன், பாப்போம்."



தோரணத்தை அவிழ்த்துப் போட்டு, திடலின் கூரைக்கு அடியில் டிரம்களைக் கட்டை மேல் ஏற்றினார்கள். பையன்களுக்குப் பாதித் திடல் போயிற்று, முணுமுணுத்தார்கள். ஒரு வாரம் தெளியவிட்டு, மேலே இருந்த நல்லதை மட்டும் எடுத்துக் கம்பளித் துணியில் வடித்தார்கள். அடிச் சகதி எரிப்பதற்காகச் சுண்ணாம்புச் சூளைக்குப் போனது. இனி பழசைச் செலவழித்துப் புதுசை நிரப்புவது என்று முடிவானது. எல்லாவற்றுக்கும் தியோஃபிலோ தலையாட்டினார். கம்பளித் துணியைத் தானே பிழிந்தார். ரொசெந்தா அவரோடு பேசவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் அவர் போய் வந்தார். தெல்ஃபின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானாம். அதைக் கேட்டால் மனசு ஆறும் என்று ரொசெந்தா நினைத்தாள். ஆறவில்லை. அன்றைக்கு ஒரு சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டோமே என்று தன்மேலும் எரிச்சல் வந்தது.

தெல்ஃபின் ஊர் திரும்பிய அன்று அவளே எஞ்சினைப் பார்த்துக்கொண்டாள். துறையில் தியோஃபிலோ இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து கையை நீட்டினார். தெல்ஃபின் அந்தக் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். ஊன்றுகோல் ஈரப் பலகையில் வழுக்கவே, வேறு வழியில்லாமல் பிடித்துக்கொண்டான்.

"இறுக்கிப் பிடிங்க, கப்பித்தான். அவன் விழுந்தான்னா உங்களை விடமாட்டேன்" என்றாள் ரொசெந்தா. பல வாரம் கழித்து அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. கோபம் கொஞ்சமும் குறையவில்லை.