பூஜ்ய நொடியில் ஒரு வாளி

ஹௌராவில் சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் வாளித் தொழிற்சாலையில் குருமூர்த்தி புரொடக்‌ஷன் மேனேஜர். பாதி ஆயுளை அங்கே வாளி வார்த்தே கழித்தவருக்கு இந்த வருஷக் கடைசியில் ரிடையர்மெண்ட். எப்படியாவது எக்ஸ்டென்ஷன் வாங்கிவிட வேண்டும் என்று அலைந்தார். பணக் கவலை இல்லை. அவருக்கு வேண்டியது வேறு: தன்னைக் கண்டதும் நாலு பேர் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைக்க வேண்டும். உலகத்தில் அது நடக்கிற இடம் அந்தத் தொழிற்சாலை ஒன்றுதான். குடியிருக்கும் லேக் கார்டன்ஸ் பிளாட்டில் அவர் சொன்னால் காலிங் பெல்கூட அடிப்பதில்லை.

எக்ஸ்டென்ஷன் கொடுக்க வேண்டியவன் ஜெய்ராம். பெரிய முதலாளி போன பிறகு சால்ட் லேக் ஆபீசில் இருந்துகொண்டு கம்பெனியை நடத்தும் பிள்ளை. அரை நிஜார் காலத்திலிருந்து பழக்கம் என்பதால் குருமூர்த்தியை மாமா என்பான். கோபம் வந்தால் மிஸ்டர் குருமூர்த்தி. தொழிற்சாலைக்குள் வந்தால் அவனுக்குத் தும்மல் நிற்காது. அதனால் செக்டர் ஃபைவ் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றைப் பிடித்து, தொழிற்சாலையையே தன் போனுக்குள் வரவழைத்துக்கொண்டான்.

ஒரு மெஷின் ஒரு வாளியை வார்த்துத் தள்ள எடுக்கும் நேரத்துக்குச் சைக்கிள் டைம் என்று பெயர். வாளி வெளியே விழுகிற வாயில் சின்னதாக ஒரு சென்ஸார் வைத்தார்கள். விழுகிற வாளி அதன் கண்ணை மறைத்தால் ஒரு வாளி ஆயிற்று என்று கணக்கு. அடுத்த முறை மறைக்கும்வரை நொடி ஓடும். சுவரில் பெரிய எல்.இ.டி. போர்டு. நாற்பது நொடிக்குள் வாளி விழுந்தால் அந்த மெஷினுக்குப் பச்சை, தாண்டினால் சிவப்பு. அதே பச்சையும் சிவப்பும் ஜெய்ராமின் போனிலும் எரியும்.

"மாமா, துர்கா பூஜா வரைக்கும் போர்டைப் பார்ப்பேன். பச்சையா இருந்தா ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன். சிவப்புன்னா என் கையில ஒண்ணுமில்லை, டேட்டா டிரிவன் டெசிஷன்" என்றான்.

அன்றிலிருந்து குருமூர்த்தி மெஷினைப் பார்ப்பதை விட்டுவிட்டார். போர்டுக்குக் கீழே நாற்காலி போட்டுக்கொண்டார். சிவப்பு எரிந்தால் எழுந்து ஓடுவார். எண்ணெய் ஒழுகும் பழைய மெஷின் ஒன்றை ஓட்டிய, எல்லோரும் அண்ணன் முறையில் தபன் தா என்று கூப்பிடும் ஆபரேட்டருக்கு நிரந்தரச் சிவப்பு. வாளி வார்க்கும் மோல்டு ஆறுவதற்கு முன் திறந்தால் வாளி கோணிப்போகும் என்று தபன் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போர்டு பொய் சொல்லுமா என்று அதட்டி, அவனுடைய சாயங்கால டீயை நிறுத்தினார். வாளிகள் கோணலாக விழுந்தன. போர்டில் கோணலுக்கு நிறம் கிடையாது என்பதால் யாரும் வருத்தப்படவில்லை.

விஸ்வகர்மா பூஜை வந்தது. அன்றைக்கு ஹௌராவில் எந்த மெஷினையும் தொட மாட்டார்கள். யானை வாகனத்தோடு விஸ்வகர்மா வந்து இறங்கினார், புரோகிதர் வந்தார், கிச்சுடி கொதித்தது, மொட்டை மாடியில் பட்டங்கள் ஏறின. வழக்கம்போல குருமூர்த்தியின் மனைவி வத்சலாவும் அவரோடு வந்திருந்தாள். அவள் வீட்டில் ஆயுத பூஜைக்குச் செய்வதை இந்தத் தொழிற்சாலைக்கு இன்றைக்கே செய்துவிடுவாள். வீட்டிலே அரைத்த சந்தனம் ஒரு டப்பா, குங்குமம் ஒரு டப்பா. மிக்ஸி, ஃப்ரிட்ஜ், தையல் மெஷின் என்று உழைக்கிற எதையும் அவள் பொட்டில்லாமல் விட்டதில்லை. குருமூர்த்திக்கு மட்டும் இதுவரை வைத்ததில்லை.

"ஏன்னா, இது என்ன புதுசா, கண்ணு மாதிரி?" என்று சென்ஸாரைக் காட்டிக் கேட்டாள்.

"அதுதான் எல்லாத்தையும் பார்த்து மேல சொல்றது" என்றார் குருமூர்த்தி, ஏதோ தானே பெற்று வளர்த்த பிள்ளையைப் போல.

"அப்போ முதல் பொட்டு அதுக்குத்தான்."

ஒரு கண் விடாமல் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். குருமூர்த்திக்கு மனம் குளிர்ந்துபோனது. போர்டுக்குத் தன் கையாலேயே ஒரு சாமந்தி மாலை போட்டுவிட்டு மாடிக்குப் போனார். அங்கே தபன் தா அவருடைய பட்டத்தை அறுத்துவிட்டு, பட்டம் அறுந்தால் ஊரே கத்துகிற "போ காட்டா"வை மெதுவாகச் சொன்னான். கீழே ஆளில்லாத ஷெட்டில் எல்லா மெஷினுக்கும் பச்சை எரிந்துகொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் ஷிப்டு ஆட்கள் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மெஷினைக் கிளப்பினார்கள். போர்டு பழையபடி சிவந்தது. பத்து மணிக்கு ஜெய்ராமின் போன் வந்தது.

"நேத்திக்கு ரெக்கார்டு மாமா. எல்லாம் பச்சை. சைக்கிள் டைம் ஜீரோ."

"நேத்திக்குப் பூஜைப்பா. ஒரு மெஷினும் ஓடலை."

"அதைத்தான் சொல்ல வந்தேன். அட்டெண்டன்ஸ்ல ஒரு ஆள் இல்லை. கரண்ட் செலவும் இல்லை. அப்பவும் ஜீரோ செகண்டுக்கு ஒரு வாளி. காலைல நீங்க உள்ள போனேள், சிவப்பாயிடுத்து. ரெண்டு கிராஃபையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். சொல்ல கஷ்டமாத்தான் இருக்கு. நீங்க இல்லாதப்போதான் மெஷின் நன்னா ஓடறது."

"கோடவுன்ல ஒரு வாளிகூட வந்து சேரலையேப்பா."

"அது ஸ்டோர்ஸ் பார்க்க வேண்டியது. போர்டுல பச்சை வந்தாச்சு. எக்ஸ்டென்ஷன் இனிமே முடியாது, மிஸ்டர் குருமூர்த்தி."

குருமூர்த்தி போனை வைத்தார். ஓடாத மெஷின் ஓடவில்லை என்பதை நிரூபிக்க ஒரு மேனேஜர் சாட்சி தேட வேண்டிய காலமும் வந்துவிட்டது. நேராகத் தபன் தாவிடம் போனார். முதலாளிக்குப் போன் பண்ணி, நேற்று எல்லாம் நின்றிருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லும்படி கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

தபன் தா மெஷினை விட்டுத் திரும்பாமலே வங்காள மொழியில் சொன்னான்: "ஆறு மாசம் எனக்குச் சிவப்பு எரிஞ்சப்போ போர்டு சொன்னது நிஜம். நேத்து ஒரு நாள் பச்சை எரிஞ்சிருக்கு, அது மட்டும் பொய்யா அண்ணா? நான் சொல்ல மாட்டேன்."

குருமூர்த்தி ஷெட்டைச் சுற்றி வந்தார். மத்தியானம் முழுக்க சென்ஸார்களை மாறி மாறிப் பார்த்தார். ஒன்றின் விளிம்பில் துணிக்குத் தப்பிய மஞ்சள் துளி ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. கண் மூடியே கிடந்ததால், இடைவெளியே இல்லாமல் வாளி விழுகிறது என்று போர்டு நம்பியிருக்கிறது.

அன்றைக்கே சால்ட் லேக் போய் ஜெய்ராம் எதிரில் உட்கார்ந்து, கட்டின பெண்டாட்டியைக் காட்டிக்கொடுக்கிறோமே என்ற கூச்சத்தோடு விஷயத்தைச் சொன்னார்.

"சந்தனமா?" என்றான் ஜெய்ராம்.

"ஆமாம்ப்பா. உங்க மாமிதான் வெச்சா. தெரியாமப் பண்ணிட்டா."

ஜெய்ராம் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றான். டெல்லியிலிருந்து, மொத்தமாக வாளி வாங்கும் ஒரு பெரிய பையர் வரப்போகிறார். போர்டைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் தருவாராம். வாளியைப் பார்க்க அவருக்கு நேரமில்லையாம். அதையெல்லாம் சொல்லிவிட்டுத் திரும்பினான்.

"எல்லா மெஷினுக்கும் மாமி ஒருத்தரே வெச்சாளா?"

"ஒருத்தியேதான்."

"எவ்வளவு நேரம் காயாம நிக்கும்?"

குருமூர்த்திக்கு நிம்மதியாக இருந்தது. பையன் உண்மையைப் புரிந்துகொண்டான், இனி கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தார். நல்ல சந்தனம், நாள் பூரா நிற்கும் என்று பெருமையாகவே சொன்னார்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, கம்பெனி கார் லேக் கார்டன்ஸில் வந்து நின்றது. டிரைவர் மேலே வந்து பெல் அடித்தான். குருமூர்த்தி பழக்க தோஷத்தில் எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். "மேடம் ரெடியா?" என்று கேட்டான் டிரைவர். வத்சலா பட்டுப்புடவையில், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு, இரண்டு டப்பாக்களைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். அட்டையில் அவள் படத்துக்குக் கீழே பர்ஃபார்மன்ஸ் கன்சல்டண்ட் என்று அச்சடித்திருந்தது.

"லேட்டாயிடுத்து. குக்கர் வெச்சிருக்கேன், மூணு விசில் வந்ததும் அணைச்சுடுங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

குருமூர்த்தி சமையலறைக்குப் போய் குக்கர் எதிரில் நின்றார். முதல் விசில் வர ரொம்ப நேரமாயிற்று.